திருப்பிச் சொல்லாத கங்காணி

"குடை" என்றேன்.

பதில் இல்லை.

"பானை."

அதற்கும் இல்லை. எனக்கு முதுகைக் காட்டி ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மனிதர் ஆடவில்லை, அசையவில்லை. அகன்ற முதுகு. வெயிலிலும் மழையிலும் நிறம் போன கறுப்புக் கோட்டு. இடது காதிலிருந்து ஒரு மெல்லிய கம்பி இறங்கி, கோட்டுப் பையில் இருந்த காதுக் கருவிக்குள் போயிற்று. அந்தக் காலத்துக் கருவி இப்போதுபோல் காதுக்குள் ஒளிந்துகொள்ளாது. சிகரெட் பெட்டி அளவு இருக்கும்.

"கதவு."

கதவும் போயிற்று. அறையில் ஈரக் கம்பளி நாற்றமும் டெட்டால் நாற்றமும். சுவரோரம் அவருடைய மனைவி மீனாட்சி, முந்தானையை வாயில் வைத்துக் கடித்தபடி நின்றாள். ஒவ்வொரு சொல்லுக்கும் அவள் உதடு தானாக அசைந்தது. அவள் பதில் சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் பயம்.

"கங்காணி, இன்னைக்காவது வாயத் தொறங்க" என்று அவள் முணுமுணுத்தாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவள் மீதல்ல, அவர் மீதும் அல்ல. இரண்டு வாரமாக இதே முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கூப்பிட்டால் திரும்புகிறார். கருவியில் "பீப்" சத்தம் வைத்தால் கையைத் தூக்குகிறார். ஆனால் ஒரு சொல்லைச் சொல்லி, அதைத் திருப்பிச் சொல்லுங்கள் என்றால் மட்டும் கல் மாதிரி உட்கார்ந்துவிடுகிறார்.

மெத்தை அடித்த அறை

இந்தத் தொடரை வாசித்து வருகிறவர்களுக்கு என் வாய்த்துடுக்கு பழகியிருக்கும். அப்படிப்பட்ட எனக்குப் போய், குரலை ஏற்றாமல் இறக்காமல் ஒரே சீராகப் பேசுகிற உத்தியோகம் கிடைத்ததை என் அம்மா கடைசிவரை நம்பவில்லை. "நீ பேசுனா கேக்காதவனுக்கும் கேக்குமேடி, ஒனக்கு எதுக்குச் சோதன?" என்பார்.

எழுபதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொழும்பில் சில மாதம் பயிற்சி முடித்துவிட்டு, பதுளை ஆஸ்பத்திரியில் ஒரு காது வைத்தியரிடம் உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். பிறந்தது வளர்ந்தது தெமோதரை ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பாவுக்கு ரயில் வேலை. தேயிலைத் தோட்டங்கள் எங்களைச் சுற்றி இருந்தன என்றாலும் தோட்டத்துக்குள் எங்களுக்கு வேலை இருந்ததில்லை.

சோதனை அறை என்று பெரிய பேர். உண்மையில் அது போர்வைகள் அடுக்கி வைக்கிற பழைய ஸ்டோர். வெளிச்சத்தம் உள்ளே வராமலிருக்க டாக்டர் ஓர் ஆளை வைத்து, கழித்துப் போட்ட மெத்தைகளைச் சுவரில் அடித்திருந்தார். மெத்தையால் மனிதச் சத்தத்தைத்தான் தடுக்க முடிந்தது. ரயில் புறப்படுகிற நேரத்தில் ஸ்டேஷன் பக்கமிருந்து விசில் வந்தால் சோதனையை நிறுத்த வேண்டும். மழை வந்தால் தகரக் கூரை எல்லோரையும் செவிடாக்கிவிடும். அப்போது நோயாளியும் நானும் சும்மா ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம்.

சோதனை எளிதுதான். பாதிக் காது போனவர்கள் எல்லோரும் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவார்கள். அதனால் நான் அவர்களுக்குப் பின்னால் நின்று, போதாததற்கு ஒரு எக்ஸ்ரே உறையால் வாயையும் மறைத்துக்கொண்டு, வீட்டில் புழங்கும் சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்வேன். கேட்டதை அவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். சத்தம் கேட்பது வேறு, பேச்சு விளங்குவது வேறு. சிலருக்கு இடி விழுந்தால் கேட்கும், "இடி விழுந்தது" என்று சொன்னால் விளங்காது. அப்படிப்பட்டவர்களுக்குக் கருவி மாட்டினாலும் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும்.

யாரோ புண்ணியவான்கள் அனுப்பிய கருவிகள் ஒரு பெட்டியில் கொஞ்சம் இருந்தன. கேட்டு வருகிறவர்கள் அதைவிட மிக அதிகம். பேச்சு விளங்குகிறவருக்கே கருவி என்பது டாக்டர் வைத்த விதி. விளங்காதவரிடமிருந்து கழற்றி அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார். அந்தக் கழற்றுகிற வேலை என்னுடையது.

கடைத்தெருக் காது

பதுளைக் கடைத்தெருவிலிருந்து ஒரு ஜவுளிக்கடை ஹாஜியார் வந்திருந்தார். நல்ல மனிதர், ஆனால் சோதனைக்கு உட்கார்ந்தாலும் கடையில் உட்கார்ந்திருக்கிற நினைப்புதான்.

"குடை" என்றேன்.

"குடையா? ஆம்புளைக்கா பொம்புளைக்கா?"

"நான் சொன்னதை மட்டும் திருப்பிச் சொல்லுங்க ஹாஜியார். பானை."

"பானையா? எங்கட கடையில பானை இல்ல மகள். ரெண்டு கடை தள்ளிக் கேளுங்க."

சிரிப்பை அடக்க எக்ஸ்ரே உறை பெரிய உதவி. ஒரு சொல் தவறாமல் பிடித்தார், ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வியும் போட்டார். போகும்போது, "இதைவிடச் சின்ன பெட்டி இருந்தா எடுத்துவைங்க, வந்து மாத்திக்கிறேன்" என்று டாக்டரிடமே பேரம் பேசிவிட்டுப் போனார். டவுன் ஆட்களோடு எனக்குச் சிரமமே இருந்ததில்லை. ஒன்றைக் கேட்டால் அதையே திருப்பிக் கேட்பது அவர்களுக்குப் பிழைப்பு.

தோட்டத்து ஆட்கள் வந்தால்தான் எனக்குத் தலைவலி.

"கேக்குதா?"

"ஆமாங்க."

"சரியாக் கேக்கலையா?"

"ஆமாங்க."

"கேக்குதா கேக்கலையா, ஒண்ணச் சொல்லுங்க."

"ஆமாங்க மிஸ்ஸி."

எல்லாவற்றுக்கும் ஒரே ஆமாங்க. சொல்லைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். பின்னால் நின்று கெஞ்சிக் கூத்தாடினால், மூன்றாவது தடவை ஏதோ முணுமுணுப்பார்கள். கூச்சம் என்று நினைத்துக்கொண்டோம். டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். "இவையின்ர ஆமாவை நான் கணக்கில எடுக்கிறேல்லை பிள்ளை" என்பார்.

மடுல்சீமையிலிருந்து வந்தவர்கள்

பெரியண்ணன் கங்காணி மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம். பஸ் ரோட்டுக்கு வரவே அரை நாள் நடக்க வேண்டிய இடம். முன்பு ஒரு முறை நீண்ட காய்ச்சலில் கிடந்தார், எழுந்தபோது காதைக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது.

கங்காணி வேலை என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. விடியற்காலை எல்லாத் தொழிலாளிகளும் ஓரிடத்தில் கூடுவார்கள். அதற்குப் பெயர் பெரட்டு. அங்கே தோட்டத்தை நடத்துகிற துரை அன்றைய வேலையைச் சொல்வார். எந்த மலையில் கொழுந்து, எந்த மலையில் புல்லு வெட்டு என்று. துரை சொல்வது கங்காணிக்கு. கங்காணி அதைத் தன் ஆட்களுக்கு உரக்கச் சொல்வார். கங்காணிக்குக் காதும் வேண்டும், தொண்டையும் வேண்டும். பெரியண்ணனுக்குத் தொண்டை மட்டும் மிச்சம் இருந்தது.

கொஞ்ச காலம் மீனாட்சி சமாளித்தாள். பெரட்டில் அவருக்கு எதிரே நின்று, துரை சொல்வதைச் சத்தமில்லாமல் உதட்டால் சொல்லுவாள். அவர் அதைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லுவார். புருஷன் பெண்டாட்டி ஒற்றுமை என்றால் அதுதான். ஒரு நாள் அவளுக்கு உடம்பு சரியில்லை. அன்று அவருடைய ஆட்கள் முழுக்க வேறு மலைக்குப் போய்விட்டார்கள். எடுக்க வேண்டிய கொழுந்து முற்றிப்போயிற்று.

"இந்த மாசம் பாப்பேன், காது சரியாகலைன்னா கங்காணி வேல வேற ஆளுக்கு, நீ மம்பட்டி எடுன்னு தொர சொல்லிட்டாருங்க மிஸ்ஸி" என்றாள் மீனாட்சி. "இவுங்க அப்பாவும் கங்காணி. மம்பட்டி எடுக்குறது கேவலமில்ல, நானும் மலையிலதான் வேல செய்றேன். ஆனா இவுங்க வீட்டுல பேசுறதயே வுட்டுட்டாங்க. சோறு போட்டா திங்கிறாங்க. அம்புட்டுத்தான்."

இதை அவள் சொல்லும்போது கங்காணி பக்கத்தில்தான் இருந்தார். கருவி மாட்டுவதற்கு முன்பு அது. தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்து, கோட்டுப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. எப்படியாவது இந்த மனிதருக்குக் கருவியை வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று அன்றே முடிவு கட்டிவிட்டேன்.

கழற்றச் சொன்ன நாள்

முடிவு கட்டி என்ன செய்ய? மறுபடி அந்த முதுகுக்கே வருகிறேன். குடைக்குப் பதிலில்லை, பானைக்குப் பதிலில்லை, கதவுக்குப் பதிலில்லை. "கேக்குதா கங்காணி?" என்றால் மட்டும் "ஆமாங்க." அந்த ஆமாங்கவை நம்ப முடியாது என்றுதான் சொன்னேனே.

டாக்டர் உள்ளே வந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது.

"ஒண்டும் இல்லையோ?"

"ஒண்ணுமில்ல சார். சத்தத்துக்குக் கை தூக்குறார். பேச்சு விளங்கல."

டாக்டர் கங்காணியின் காதைப் பார்த்தார். காதில் செருகுகிற பிளாஸ்டிக் கட்டை உரசி உள்ளே புண்ணாகியிருந்தது. தலையை ஆட்டிக்கொண்டே, கங்காணிக்குப் பின்னால் மூலையிலிருந்த குழாயில் கை கழுவப் போனார்.

"கழட்டுங்கோ பிள்ளை. நாளைக்கு வெலிமடையில இருந்து ஒரு ஆள் வருது, அதுக்குக் குடுப்பம். பாவம்தான். எங்களாலை என்ன செய்ய ஏலும்?"

மீனாட்சிக்கு அவருடைய தமிழ் பாதி விளங்காது. ஆனால் "கழட்டுங்கோ" விளங்கிவிட்டது. அழ ஆரம்பித்தாள். சத்தம் போட்டு அழவில்லை, மூக்கைச் சிந்திக்கொண்டு, கங்காணிக்குத் தெரியாமல் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதாள். நான் வேண்டுமென்றே மெதுவாக, கங்காணிக்கு முன்னால் வந்து கம்பியைப் பிடித்தேன்.

டாக்டர் எங்களுக்கு முதுகைக் காட்டி, தண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டே மீனாட்சியிடம் சொன்னார்: "அம்மா, அந்த மருந்து குடுக்கிற யன்னலடிக்குப் போய், புண்ணுக்குப் பூசுற மருந்து ஒண்டு வேண்டிக்கொண்டு வாங்கோ."

மீனாட்சி மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். ஒன்றும் விளங்கவில்லை என்று முகமே சொன்னது. நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு குரல் அறையை அதிர வைத்தது.

"ஏய்! மருந்து குடுக்குற சன்னலுக்குப் போயி, புண்ணுக்குப் பூசுற மருந்து வாங்கிட்டு வாடி! டாக்டரய்யா சொல்றாருல்ல, பாத்துக்கிட்டு நிக்கிற?"

மீனாட்சி ஓடியேவிட்டாள். எனக்குக் கை கம்பியில் அப்படியே நின்றுவிட்டது. டாக்டர் ஈரக் கையோடு திரும்பினார். குழாய்த் தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அவர் டாக்டரின் உதட்டைப் பார்க்கவில்லை. பார்த்திருக்கவும் முடியாது. மனைவி இன்னும் வாயே திறக்கவில்லை. தண்ணீர் இரைச்சலுக்கு நடுவில், யாழ்ப்பாணத்துத் தமிழை, முதுகுக்குப் பின்னாலிருந்து வாங்கி, தோட்டத்துத் தமிழில் மாற்றிச் சொல்லியிருக்கிறார்!

பழிப்புக் காட்டுவது

நான் சும்மா இருப்பேனா? கங்காணிக்கு முன்னால் போய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

"கங்காணி, ஒங்களுக்கு நல்லாக் கேக்குது!"

"ஆமாங்க மிஸ்ஸி. நான்தான் சொன்னேங்களே."

"பின்ன குடைன்னு சொன்னேன், பானைன்னு சொன்னேன், ஏன் ஒண்ணும் சொல்லல?"

கங்காணி டாக்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். ஐம்பது வயது மனிதர் பள்ளிக்கூடப் பையன்போல் நெளிந்தார்.

"அது எப்புடிங்க? பெரியவங்க சொல்ற வார்த்தைய அவுங்க கிட்டயே திருப்பிச் சொல்றது பழிப்புக் காட்டுறதுல்லங்களா? எங்க அப்பா காலத்துல ஒருத்தன் வெள்ளத் தொர சொன்னத அப்புடியே அவருக்கு முன்னால திருப்பிச் சொல்லிப்புட்டான். அன்னைக்கே பொண்டாட்டி புள்ளயோட லயத்து வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. மிஸ்ஸி என்னயச் சோதிக்கிறாங்க, நான் மருவாதியாத்தான் இருந்துக்கணும்னு வாயப் பொத்திக்கிட்டு இருந்தேனுங்க."

டாக்டர் போய்க் குழாயை மூடினார். பிறகு சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. "ஐயோ பிள்ளை, இந்த மனுசன் எங்களுக்கு மரியாதை தந்திருக்கு. நாங்கள் செவிடெண்டு எழுதியிருக்கிறம்!"

எனக்குச் சிரிப்பும் வந்தது, முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டு நெளிந்த அத்தனை பெண்களின் முகங்களும் வரிசையாக ஞாபகம் வந்தன. கூச்சமாம், கூச்சம்! ஒருத்தியும் கூச்சப்படவில்லை. எல்லோரும் எனக்கு மரியாதை செய்திருக்கிறார்கள். அன்றிலிருந்து அவர்களை எல்லாம் மறுபடி கூப்பிட்டோம் என்பது தனிக் கதை.

அப்போது மீனாட்சி மருந்துச் சிமிழோடு திரும்பி வந்தாள். அவளைப் பார்த்ததும் எனக்கு வழி தெரிந்துவிட்டது. துரை சொல்வதைத் துரையிடம் திருப்பிச் சொன்னால்தானே பழிப்பு? ஆட்களிடம் சொன்னால் அது வேலை. இந்த மனிதர் ஆயுள் முழுக்கச் செய்தது அந்த வேலையைத்தான்.

மீனாட்சியை ஸ்டூல் போட்டு அவருக்கு எதிரே உட்கார வைத்தேன். வாயைப் பொத்திக்கொள்ளச் சொன்னேன். "கங்காணி, நான் பின்னால நின்னு சொல்லுவேன். எனக்குப் பதில் சொல்ல வேணாம். நான் சொல்றத ஒங்க ஆளுக்குச் சொல்லுங்க."

கங்காணி கோட்டை இழுத்து விட்டுக்கொண்டார். முதுகு நிமிர்ந்தது. இரண்டு வாரமாக நான் பார்த்த முதுகு அல்ல அது.

எக்ஸ்ரே உறையைத் தூக்கினேன். "குடை."

"கொடைய எடு!"

"பானை."

"பானையக் கழுவிக் கவுத்து வை!"

"மழை."

"மழ வருது, சாக்கப் போத்திக்கிட்டு வெரசா நட!"

"ஆடு."

"ஆட்டப் புடிச்சுக் கட்டு!"

மீனாட்சியால் பொறுக்க முடியவில்லை. வாயிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "நம்ம வீட்டுல ஆடு எங்கங்க இருக்கு? வித்துத்தான் தொலச்சிட்டீங்களே!"

"கம்முனு இரு! மிஸ்ஸி சொல்றாங்க, கட்டு!"

மெத்தை அடித்த அறையாவது ஒன்றாவது! அந்தத் தொண்டை வெளித் தாழ்வாரம் வரைக்கும் போய்விட்டது. வாசலில் நர்ஸ்மார், காத்திருந்த நோயாளிகள், கையில் மருந்துச் சீட்டோடு ஒரு கிழவர் என்று ஒரு கூட்டமே கூடிவிட்டது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கட்டளை, ஒவ்வொரு கட்டளைக்கும் வாசலில் ஒரு சிரிப்பு. ரயில் விசில் ஊதியதைக்கூட நான் கவனிக்கவில்லை, அவரும் நிறுத்தவில்லை. என் வேலையில் அவ்வளவு சந்தோஷமான சோதனையை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

ஒரு சொல் பாக்கி

டாக்டர் மட்டும் முழுக்கச் சிரிக்கவில்லை. ஓரமாக நின்று கவனித்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, நீர் 'சீப்பு' எண்டு சொல்லேக்கை அவர் என்ன சொன்னவர்?"

யோசித்துப் பார்த்தேன். "கொழுந்த நெறுத்துட்டு வா" என்று சொல்லியிருந்தார். இன்னும் ஓரிரண்டு இடத்தில் அப்படித்தான். கேட்காத இடத்தில் அவர் சும்மா இருக்கவில்லை, தோன்றிய ஒரு கட்டளையைத் தூக்கிப் போட்டிருந்தார். சிரிப்பில் நான் கவனிக்கவில்லை.

"அதுதான் ஆபத்து" என்றார் டாக்டர். "எந்தக் கருவியிலும் நூற்றுக்கு நூறு விளங்காது. விளங்காததை விளங்கேல்லை எண்டு சொல்ல வேணும். இல்லாட்டி அந்த ஆக்கள் திரும்பவும் வேற மலைக்குத்தான் போவினம்."

கங்காணியிடம் நானே சொன்னேன். கேட்கவில்லை என்றால், கேட்கவில்லை, இன்னொருக்கா சொல்லுங்கள் என்று துரையிடம் சொல்ல வேண்டும் என்று.

அவர் முகம் விழுந்துவிட்டது. "மிஸ்ஸி கிட்ட வேணும்னா சொல்றேனுங்க. தொர கிட்ட எப்புடிங்க? பெரட்டுல நின்னு, நீங்க சொன்னது கேக்கல, மறுக்காச் சொல்லுங்கன்னு? எங்க அப்பாகூடச் சொன்னதில்ல. அந்த மலையில யாருமே சொன்னதில்லைங்க."

"அப்ப மம்பட்டிதான்" என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன். கருவியைக் கழற்றாமல் அனுப்பி வைத்தோம். மீனாட்சி போகும்போது என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்கு மனசு நிலைகொள்ளவில்லை.

மூடுபனியில் ஒரு பெரட்டு

டாக்டர் அவ்வப்போது தோட்டங்களுக்குக் காது பார்க்கப் போவார். அந்த மாதக் கடைசியில் மடுல்சீமை முறை வந்தது. நான் தோட்டத்தில் பிரசவம் பார்க்கிற மருத்துவமாது அக்கா வீட்டில் தங்கினேன். விடியற்காலை ஆட்களைப் பெரட்டுக்குக் கூப்பிடத் தப்பு அடிக்கிற சத்தத்தில் விழிப்பு வந்தது. ஒரு பிளேன்டீயை அவசரமாக விழுங்கிவிட்டு, அக்காவின் சால்வையைப் போர்த்திக்கொண்டு பெரட்டுக் களத்துக்கு ஓடினேன். டாக்டர் ஏற்கெனவே துரையோடு ஆபீஸ் படியில் நின்றார்.

எதிர்மலை தெரியாத பனி. தலையில் கூடைக் கயிறும் இடுப்பில் படங்குச் சாக்குமாகப் பெண்கள் வரிசை வரிசையாக நின்றார்கள். மீனாட்சி அவர்களில் பின்வரிசையில் இருந்தாள். அவள் வேண்டுமென்றேதான் பின்னால் நிற்கிறாள் என்று எனக்குப் பட்டது. கங்காணி முன்னால் நின்றார். கோட்டுப் பையில் கருவி. அவருக்குக் கொஞ்சம் தள்ளி, அவர் இடத்துக்கு வரப்போகிற ஆள், புதுக் கோட்டோடு.

துரை சிங்களவர். தமிழ் நன்றாகப் பேசுவார். ஆனால் மீசைக்குள்ளேயே பேசி முடித்துவிடுகிற ரகம். முதல் கங்காணிக்கு வேலை சொன்னார். இரண்டாமவருக்குச் சொன்னார். பெரியண்ணன் முறை வந்தபோது, பக்கத்தில் நின்ற கொழுந்து லாரியை டிரைவர் ஸ்டார்ட் பண்ணிவிட்டான். பழைய லாரி. இருமி இருமி அது கிளம்புகிற சத்தத்தில் துரை ஏதோ சொன்னார். படியோரம் நின்ற எனக்கே விளங்கவில்லை.

பெரியண்ணன் கங்காணி ஆட்களின் பக்கம் திரும்பினார். வாயைத் திறந்தார்.

போச்சு, எதையோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். மனிதருக்கு வாழ்நாள் பழக்கம், அதை ஒரு மாதத்தில் யார் மாற்ற முடியும்? என் நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் அவருடைய கருவிக்கே கேட்டிருக்கும்.

ஒன்றும் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தேன். அவர் வாயை மூடிக்கொண்டு, மறுபடி துரையின் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார். கை இரண்டையும் கட்டிக்கொண்டார். குரல் களம் முழுக்கக் கேட்டது.

"தொர, கேக்கலைங்க. இன்னொருக்கா சொல்லுங்க."

முன்வரிசைப் பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். இருமியவர்கள்கூட இருமலை விழுங்கிவிட்டார்கள். புதுக் கோட்டுக்காரர் ஓரடி முன்னால் வைத்த காலை எடுக்கவும் முடியாமல் ஊன்றவும் முடியாமல் நின்றார். லாரி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

துரை கங்காணியைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்ததுபோல் எனக்கிருந்தது. பிறகு டாக்டரைத் திரும்பிப் பார்த்தார். டாக்டர் ஆமென்று லேசாகத் தலையை ஆட்டினார்.

துரை லாரி பக்கம் கையை நீட்டினார்.

"ஏய், மிசின நிப்பாட்டு!"

லாரி நின்றது. மலையே நிசப்தமாகிவிட்டது. துரை ஒரு படி கீழே இறங்கி வந்தார். மீசையை ஒதுக்கிக்கொண்டு, முதலிலிருந்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

"பெரியண்ணன் கங்காணி, ஒன் ஆளுங்க பாலத்தடி மலை. கொழுந்து. வெளங்குச்சா?"

"வெளங்குச்சுங்க தொர!"

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அக்காவின் சால்வையிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டேன். பின்வரிசையில் மீனாட்சி அழவில்லை. கூடைக் கயிற்றை நெற்றியில் சரிசெய்துகொண்டு, எந்த மலை என்று இன்னும் தெரியாத ஆள்போல, புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கங்காணி கோட்டை இழுத்து விட்டுக்கொண்டு தன் ஆட்களிடம் திரும்பினார். பாலத்தடி மலை, கொழுந்து என்று அவர் சொன்னதைக் கேட்க அந்தத் தோட்டத்தில் ஒருவருக்கும் கருவி தேவைப்படவில்லை.